கத்திரி வெயிலில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு: திருச்சியிலிருந்து ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். திருச்சியில் மூன்றாம் மாடியில் வீடு. ஆறு வயது மகள், மூன்றரை வயது மகன். நீங்களும் மனைவியும் வேலைக்குப் போகிறீர்கள். பகலில் உங்கள் அம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். கோடைப் பயிற்சி முகாமுக்கு இருவருக்குமாகக் கேட்கும் கட்டணம் உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பள்ளி திறக்கும் வரை, கைபேசியைக் கையில் கொடுக்காமல் நாட்களை எப்படி நடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள். இப்போது ஒவ்வொரு கோடைக்கும் பேரப்பிள்ளைகள் என்னிடம்தான் வருகிறார்கள். நான் செய்து பார்த்தவற்றையே எழுதுகிறேன்.

முகாமுக்கு அனுப்ப முடியவில்லையே என்று முதலில் மனம் நோகாதீர்கள். ஜூன் மாதம் வகுப்பு தொடங்கியதும், விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கேட்பேன். பொருட்காட்சிக்குப் போன பிள்ளை, "பொருட்காட்சிக்குப் போனோம்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். பாட்டியோடு வடகம் போட்ட பிள்ளையோ காக்கை வந்தது, குடை விழுந்தது, பாதி காய்ந்ததைத் திருடித் தின்றது என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போகும். ஆண்டுதோறும் இதைப் பார்த்திருக்கிறேன். ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு நாளுக்கொரு புது நிகழ்ச்சி தேவைப்படுவதில்லை. நேற்று செய்ததை இன்றும் அதே நேரத்தில் செய்யக் கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். வீட்டில் பெரியவர்கள் மெய்யாகவே செய்கிற ஒரு வேலையில் தனக்கும் ஒரு பங்கு இருந்தால் அதைவிடக் கொண்டாட்டம். நம் ஊர்க் கோடையில் அப்படிப்பட்ட வேலைகள் நிறைய இருக்கின்றன.

நாளை வெயிலைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை ஒரு பகுதி. பதினொன்றிலிருந்து நான்கு வரை வீட்டுக்குள். ஐந்தரைக்கு மேல் மறுபடி வெளியே. மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வரை நீளும் கத்திரியில் திருச்சி 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம்தான். அந்த நடுப்பகலில் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகும் எந்தத் திட்டமும் வேண்டாம். ஆனால் நாள் முழுவதும் அடைத்து வைக்கவும் கூடாது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடங்களாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் அது தானாக நிறைந்துவிடும். அதிகாலையில் எழுப்புவது கடினம் என்று தோன்றினால், இரவு எட்டரைக்குள் படுக்க வையுங்கள். நான்கைந்து நாளில் பழகிவிடுவார்கள்.

இன்னொன்றும் உங்கள் கவனத்தில் இருக்கட்டும். உங்கள் அம்மாவால் இரண்டு பிள்ளைகளின் பின்னால் ஓட முடியாது. ஓடியாட வேண்டிய விளையாட்டெல்லாம் நீங்களும் மனைவியும் வீட்டில் இருக்கும் காலையிலும் மாலையிலும் வரட்டும். பகலில் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே நடத்தக்கூடியவை மட்டும் இருக்கட்டும். இப்படிப் பிரிக்காத வீட்டில் பத்தே நாளில் பாட்டி களைத்துப்போகிறார். அவரே கைபேசியை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறார். அதில் அவர் பிழை ஒன்றும் இல்லை.

காலையில் மொட்டை மாடிக்குப் போங்கள். முதல் வேலை, பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பது. வாயகன்ற மண் தட்டு ஒன்றை நிழலான மூலையில் வைத்து, தினமும் பழைய நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புது நீர் ஊற்றுவது மகனின் பொறுப்பு. தேங்கிய நீரில் கொசு முட்டையிடும் என்பதால் ஒரு நாளும் விடக்கூடாது என்று அவனிடம் காரணத்தையும் சொல்லுங்கள். காக்கை, மைனா, அணில், தவிட்டுக்குருவி என்று வருபவற்றை மகள் ஒரு நோட்டில் கோடு போட்டுக் கணக்கு வைக்கட்டும். எழுதத் தெரியாவிட்டாலும் படம் வரைந்து பக்கத்தில் கோடு போடலாம்.

அடுத்தது, சின்னவனுக்கு நான் சொல்லக்கூடியவற்றில் முதல் இடம் பெறும் விளையாட்டு. பழைய பெயிண்ட் பிரஷ் ஒன்றையும் பாதி வாளித் தண்ணீரையும் கொடுத்து, சுவருக்கு வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள். வெறும் தண்ணீர்தான். ஈரம் பட்ட இடம் கருக்கும். அடுத்த மூலைக்குப் போய்த் திரும்புவதற்குள் முதல் மூலை காய்ந்திருக்கும். தண்ணீர் எங்கே போனது என்று அவனே கேட்பான். உடனே பதில் சொல்லாதீர்கள். ஒரு வாரம் அடிக்கட்டும். மகள் அதே பிரஷால் தன் பெயரை எழுதி, அது மறைவதற்குள் அம்மாவை ஓடிவந்து படிக்கச் சொல்வாள். என் பேரன் ஒரு கோடை முழுவதும் இதை மட்டுமே செய்தான். ஒரு நாளும் சலிக்கவில்லை.

நிழல் விளையாட்டை ஆசிரியராக எனக்கு மிகவும் பிடிக்கும். காலை ஏழு மணிக்கு மகளை மாடியில் நிற்க வைத்து, அவள் நிழலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். மேற்கே நீளமாகக் கிடக்கும். அதே இடத்தில் ஒன்பது மணிக்கு மறுபடி நிற்கச் சொன்னால் நிழல் குறுகியிருக்கும். மாலை ஐந்தரைக்குப் பார்த்தால் கிழக்கே நீண்டிருக்கும். நடுப்பகலில் பிள்ளையை நிறுத்த வேண்டாம். ஒரு டம்ளரை வைத்துவிட்டு இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடலாம். திருச்சியில் ஏப்ரல் 18 வாக்கில் பகல் 12.15-க்கு ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். டம்ளருக்கு நிழலே இருக்காது. நிழல் முழுவதும் அடிக்குள் ஒளிந்துகொள்ளும். ஆகஸ்ட் 24 வாக்கில் மறுபடி ஒரு முறை இப்படி வரும். ஏப்ரல் நாளை நீங்கள் தவறவிட்டிருந்தாலும் பாதகமில்லை. அந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே போய்விடுவதால், மே மாத நண்பகலில் நிழல் தெற்குப் பக்கம் விழும். டிசம்பரில் அதே டம்ளரை வைத்துப் பார்த்தால் நிழல் வடக்கே விழுந்திருக்கும். மாடியில் போட்ட கோட்டின் பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். டிசம்பரில் மகளே உங்களை மாடிக்கு இழுத்துக்கொண்டு போவாள்.

மாடி என்று இவ்வளவு சொல்லிவிட்டேன். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நாற்காலி, தொட்டி, கல் எதுவும் இருக்கக் கூடாது. பிள்ளைகள் தனியாகப் படியேற முடியாதபடி மாடிக் கதவு எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும். சாவி ஆணியில் உயரத்தில் தொங்கட்டும்.

இனி வடகம். இதை ஒரு நாள் வேலையாக எண்ணாமல் மூன்று நாள் திருவிழாவாக நடத்துங்கள். உங்கள் அம்மாவுக்குப் பக்குவம் தெரிந்திருக்கும். சின்னப் பிள்ளைகளோடு செய்ய ஜவ்வரிசி வடகம்தான் எளிது. முதல் நாள் இரவு ஜவ்வரிசியை ஊறப் போடுவது மகளின் வேலை. ஜவ்வரிசி எதிலிருந்து வருகிறது என்று அவளைக் கேளுங்கள். மரத்தில் காய்க்கிறது என்பாள், அரிசி வகை என்பாள். ஒரு மரவள்ளிக்கிழங்கை வாங்கி வந்து, துருவி, தண்ணீரில் பிழிந்து, அடியில் வெள்ளையாகப் படியும் மாவைக் காட்டுங்கள். அந்த மாவைத்தான் உருட்டி ஜவ்வரிசி ஆக்குகிறார்கள். மறுநாள் விடியற்காலையில் அம்மா அதைக் கண்ணாடி போல வரும் வரை வேகவைத்து, உப்பு, அரைத்த பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம் சேர்த்து இறக்குவார். அடுப்படியில் பிள்ளைகளுக்கு இடமில்லை. கொதித்த கூழ் பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முழுதும் ஆறிய பிறகுதான் அவர்கள் கைக்கு வர வேண்டும்.

ஆறிய கூழைச் சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்துக் கொடுங்கள். மாடியில் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நான்கு மூலையிலும் கல் வையுங்கள். ஒரு கரண்டி ஊற்றி, நான்கு விரல் தள்ளி அடுத்த கரண்டி. மகள் வரிசையாக வட்டம் போடுவாள். மகன் போடுவது இந்தியப் படம் போலவும் இருக்கும், ஆமை போலவும் இருக்கும். திருத்தாதீர்கள். ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு மாடிப்படியின் நிழலில் உட்கார்ந்து காக்கைக்குக் காவல் காக்கும் முறை வரும். கறுப்புக் குடையை விரித்து வடகத்தின் நடுவில் சாய்த்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பெரியவர் ஒருவரோடு பத்து நிமிடக் காவல் போதும், மீதியைக் குடை பார்த்துக்கொள்ளும். மாலையில் மேலே காய்ந்து உள்ளே மெத்தென்றிருக்கும் வடகத்தில் ஆளுக்கு இரண்டு எடுத்துத் தின்னலாம். அந்தச் சுவை கடையில் கிடைக்காது. அந்த ஒரு நாள் மாலையில் மட்டும்தான் கிடைக்கும். மறுநாள் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்து, தட்டில் பரப்பி மறுபடி காயவைக்க வேண்டும். கலகலவென்று ஓசை வந்தால் காய்ந்துவிட்டது. மூன்றாம் நாள் நீங்கள் எண்ணெயில் பொரிக்கும்போது, மகன் தான் போட்ட ஆமை பெரிதாகிறதா என்று தூரத்தில் நாற்காலியிலிருந்து பார்க்கட்டும். சோறு தின்ன அடம் பிடிக்கும் பிள்ளையும் அன்றைக்குத் தட்டைக் காலி செய்துவிடும்.

பதினொரு மணிக்கு மேல் வீட்டை இருட்டாக்கிவிடுங்கள். கிடைத்தால் ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டு, அதில் தண்ணீர் தெளிக்கும் வேலையை மகனிடம் கொடுங்கள். ஒரு மண்பானையும் வாங்குங்கள். பானையிலும் எவர்சில்வர் சொம்பிலும் காலையில் ஒரே குழாய் நீரை ஊற்றி வைத்து, பிற்பகல் இரண்டு மணிக்கு இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பானையின் வெளிப்புறம் ஈரமாக இருப்பதை மகள் கண்டுபிடிப்பாள். நுண்ணிய துளைகள் வழியே கசிந்த நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காலையில் சுவரில் எழுதிய பெயரும் இப்படித்தான் போனது என்று அப்போது சொல்லுங்கள். ஒரு வாரம் பதில் சொல்லாமல் காத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பானகம் கலக்குவதும் பிள்ளைகளின் வேலைதான். வெல்லத்தைத் தட்டிக் கரைத்து வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, சுக்குப் பொடியும் ஏலக்காயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்க்க வேண்டும். தாங்கள் கலக்கியதை அவர்கள் மிச்சம் வைக்காமல் குடிப்பார்கள். ஒரு நாள் நீர்மோர், ஒரு நாள் பானகம், ஒரு நாள் நன்னாரி என்று மாற்றுங்கள். வண்ணம் ஊற்றிய ஐஸ் வேண்டாம் என்பேன். அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது.

பல்லாங்குழியை அம்மா உட்கார்ந்த இடத்திலேயே நடத்தலாம். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து காய். மொத்தம் எத்தனை என்று மகள் எண்ணிப் பார்க்கட்டும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு. அந்தக் குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். எண்ண, பிரிக்க, கழிக்க எங்கள் வகுப்பில் ஆறு மாதம் சொல்லிக்கொடுப்பதைப் பாட்டியும் பேத்தியும் ஒரு கோடையில் முடித்துவிடுவார்கள். ஆனால் மகன் அருகில் இருக்கும்போது புளியங்கொட்டையும் சோழியும் எண்ணி எடுத்து, எண்ணி வைக்க வேண்டும். என் வகுப்புப் பிள்ளை ஒன்று புளியங்கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டு, அது ஊறிப் பருத்து, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்றிலிருந்து நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குச் சின்னக் கொட்டை எதையும் கொடுப்பதில்லை. அவனுக்குப் பெரிய பாட்டில் மூடிகளைக் கொடுங்கள்; நிறம் பிரித்து அடுக்கட்டும். பரமபதம் இருவரும் சேர்ந்து ஆடலாம். மூவருமாகக் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் ஆட, மாடித் தொட்டியிலிருந்து ஒரு பிடி மணல் போதும்.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை வீட்டிலேயே செய்யலாம். அரைக் கொட்டாங்குச்சியின் உட்புறத்தில் களிமண்ணை அழுத்தி நிரப்பி, மேலே கூம்பாகச் சுருட்டிய அட்டையை ஒட்டி, முகம் வரைந்துவிட்டால் முடிந்தது. எவ்வளவு தள்ளினாலும் எழுந்து நிற்கும். எடை முழுவதும் அடியில் இருப்பதுதான் காரணம். களிமண் இல்லாமல் ஒன்று செய்து, அதையும் தள்ளிப் பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

மதியச் சோற்றுக்குப் பிறகு கதை, பிறகு தூக்கம். கதையை உங்கள் அம்மாவிடம் விட்டுவிடுங்கள். அவர் சின்ன வயதில் கோடையைக் கழித்த ஊர், கிணறு, மாட்டுவண்டி, அவருடைய அண்ணன் தம்பிகள் செய்த குறும்பு எல்லாம் கதைதான். ஒரே கதையைப் பத்து நாள் கேட்டாலும் பிள்ளைகள் அலுக்க மாட்டார்கள். ஒரு சொல் மாறினால் திருத்துவார்கள். கைபேசியைப் பற்றிக் கேட்டீர்கள். நான் சொன்ன அதே வழிகாட்டுதல், உங்கள் மகனின் வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. தூங்கி எழுந்த பிறகு அரை மணி நேரம், பாட்டியும் கூட உட்கார்ந்து பார்க்கும்படி, தினமும் அதே நேரத்தில் வையுங்கள். நேரம் தெரிந்துவிட்டால் மற்ற நேரத்தில் கேட்பது குறையும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

மாலை, நீங்கள் வேலையிலிருந்து வந்ததும் கீழே இறங்குங்கள். நொண்டி, கண்ணாமூச்சி, பூப்பறிக்க வருகிறோம் என்று தெருப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் அவர்களே ஆடிக்கொள்வார்கள். தொடங்கி வைக்க மட்டும் ஒரு பெரியவர் வேண்டும். பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதக் காட்டுங்கள்.

நுங்கு வாங்கும்போது சுளையை மட்டும் வாங்காமல் இரண்டு முழுக் காயையும் கேட்டு வாங்குங்கள். விற்பவர் தலையைச் சீவிக் கொடுத்ததும், மூன்று கண்ணிலும் கட்டைவிரலை விட்டுச் சுளையைத் தோண்டித் தின்பது முதல் வித்தை. சட்டை நனையும், நனையட்டும். தின்று முடித்த இரண்டு கூடுகளையும் ஒரு குச்சியால் கோத்தால் அச்சும் சக்கரமும் ஆயிற்று. நுனியில் கவை பிரிந்த நீளமான கொம்பை அந்த அச்சின் மேல் வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி ஓடும். நான்கு நாளில் கூடு காய்ந்து சுருங்கிவிடும். அதற்குள் ஊர் சுற்றிவிடலாம். பனை நம் மாநில மரம் என்பதை மகள் பள்ளியில் படிப்பதற்கு முன்பே கையால் அறிந்திருப்பாள்.

வாரத்தில் ஒரு மாலை காவிரி மணலுக்குப் போங்கள். மேட்டூரில் நீர் திறக்கும் வரை மே மாதக் காவிரியில் மணல்தான் அதிகம். குடும்பங்கள் வழக்கமாக வந்து உட்காரும் இடத்துக்கு மட்டும் போங்கள். நீங்கள் முன்னால் நடந்து பார்த்துவிட்டுப் பிள்ளைகளை விடுங்கள், மணல் அள்ளிய பள்ளங்கள் ஆழமானவை. கையால் மணலைத் தோண்டிக்கொண்டே போனால், பல இடங்களில் முழங்கை ஆழத்தில் ஈரம் வரும், பிறகு ஊற்று சுரக்கும். முதலில் கலங்கல், இறைத்துவிட்டால் தெளிவு. அந்த நீரைத் தொட்டுப் பார்த்த மகளின் முகத்தை நீங்கள் அருகில் இருந்து பார்க்க வேண்டும். திரும்பும்போது தோண்டிய குழியை மூடிவிட்டு வாருங்கள்.

தண்ணீரைப் பற்றி நான் கண்டிப்பாகப் பேசுவேன். கோடை விடுமுறையில் நீரில் மூழ்கிப் பிள்ளைகள் இறந்த செய்தி இல்லாத ஆண்டை நான் கண்டதில்லை. ஆற்றிலும் குளத்திலும் கடலிலும் இந்த வயதுப் பிள்ளை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணுக்கு எட்டும் தூரம் போதாது. கிராமத்துக்குப் போனால் முதல் வேலையாக மூடாத கிணறும் தொட்டியும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். வீட்டில் விளையாடிய வாளியையும் அண்டாவையும் உடனே கவிழ்த்துவிடுங்கள். சின்னப் பிள்ளைக்கு அரை வாளித் தண்ணீரும் ஆபத்துதான். மூழ்கும் பிள்ளை கத்தாது, ஓசையில்லாமல் நடந்துவிடும்.

வெயிலும் அப்படித்தான். துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று சோர்ந்து உட்கார்ந்தால், சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால், நிழலுக்குக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக நீர் கொடுங்கள். வீட்டில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இருக்கட்டும். அதில் எழுதியிருக்கும் அளவு நீரில்தான் கரைக்க வேண்டும். உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினாலோ கண் செருகினாலோ ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நிறுத்திய காருக்குள் ஒரு நிமிடம்கூடப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

வெளியூர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மே மாதத்தில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக 2024 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. எடுத்துப் போனாலும் மூன்றரை வயதுப் பிள்ளையோடு சாலை நெரிசலில் நிற்பதுதான் பயணமாக இருக்கும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி எடுக்காமல் ஏறும் பிள்ளைகள் குறைவு. குற்றாலத்தில் சாரல் ஜூன் மாதம்தான் தொடங்கும். வேடந்தாங்கலுக்குப் பறவைகள் குளிர்காலத்தில் வருகின்றன, மே மாதம் போனால் ஏமாற்றம்தான்.

அதற்குப் பதிலாக ரயிலில் தஞ்சாவூர் போய் வாருங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். ஜன்னலோர இருக்கைதான் பிள்ளைக்கு முழுச் சுற்றுலா. மாலை ஐந்து மணிக்கு மேல் பெரிய கோயிலுக்குப் போனால் கல் தரை காலைச் சுடாது, சுட்டாலும் கையில் ஒரு ஜோடி காலுறை வைத்திருங்கள். வீட்டில் செய்த தலையாட்டி பொம்மையின் அசலை அங்கே கடைகளில் பார்த்தால் மகள் கடைக்காரருக்கே விளக்கம் சொல்வாள்.

நம் ஊரிலேயே நடுப்பகலுக்கு ஏற்ற இடம், விமான நிலையம் போகும் வழியில் உள்ள அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம். அரங்கில் விளக்கு அணைந்ததும் சின்னவன் பயந்தால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு புலிவார்டு சாலையில் உள்ள மாவட்ட மைய நூலகத்துக்கு வாரம் ஒரு முறை போவதை வழக்கமாக்குங்கள். புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், படம் மட்டும் பார்த்தாலும் சரி. மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மலைக்கோட்டையின் படிகள் 400-க்கு மேல். விடியற்காலையில் ஏறினால் மகளால் முடியும், மகன் பாதிக்கு மேல் உங்கள் தோளில் வருவான். சித்திரைத் தேரின்போது ஸ்ரீரங்கத்தில் தேரோட்டத்தன்று கூட்டத்துக்குள் பிள்ளைகளைக் கொண்டுபோக வேண்டாம். அதற்கு முந்தைய நாட்களில் சித்திரை வீதிக்குப் போய், தேருக்குச் சாரம் கட்டித் துணி சுற்றுவதைக் காட்டுங்கள். கயிறும் சக்கரமும் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

சித்ரா பௌர்ணமியன்று மாடியில் நிலாச்சோறு உண்ணுங்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, நீங்கள் போட்ட வடகம். அன்றைய முழுநிலவுக்குப் பக்கத்தில் நீலவெண்மையாக ஒரு விண்மீன் தெரியும், அதுதான் சித்திரை. மாதத்துக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தைப் பிள்ளைகள் தலைக்கு மேலேயே பார்க்கலாம். நிலவில்லாத இரவுகளில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைக் காட்டி, அதன் வால் வளையும் பக்கமாகவே விரலை நீட்டிக்கொண்டு போனால் செம்மஞ்சளாகச் சுவாதி வரும், அதையும் தாண்டினால் சித்திரை. ஆறு வயதுப் பெண்ணுக்கு இந்த மூன்றும் போதும்.

மேட்டூர் அணையில் நீர் போதுமான அளவு இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். அதற்குள் பள்ளியும் தொடங்கியிருக்கும். நீர் திருச்சியை எட்டச் சில நாட்கள் ஆகும். செய்தித்தாளில் பார்த்துக்கொண்டிருந்து, அதற்கு அடுத்த ஞாயிறு காலை இருவரையும் காவிரிப் பாலத்துக்கு அழைத்துப் போங்கள். கையை இறுகப் பிடித்துக்கொண்டு, தாங்கள் ஊற்றுத் தோண்டிய இடம் எங்கே என்று அவர்களே தேடட்டும்.